தலைக்கு மேல் கை தூக்க முடியாதவர் எதற்குக் கை தூக்கினார்?

வில்லியனூர் வாசகர் கேட்டது, பிப்ரவரி 9

அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கைன் வியட்நாமில் ஐந்தரை வருஷம் சிறையில் கிடந்து சித்திரவதை அனுபவித்தவர். அப்படிப்பட்டவரே 2008இல் சி.ஐ.ஏ.வின் விசாரணை முறைகளுக்குக் கடிவாளம் போடும் மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டார். பட்டவனே இப்படி என்றால் படாதவனை என்ன சொல்வது? இது பச்சை இரட்டை வேடம்தானே?

பிப்ரவரி 9, இரவு 10.20

இரட்டை வேடம்தான். ஆனால் விவரத்தை வைத்துவிட்டுத் திட்டுவோம்.

1967 அக்டோபர் 26. ஹனோய் மேல் பறந்த அவருடைய விமானம் சுடப்பட்டு துருக் பாக் ஏரியில் விழுந்தார். இரண்டு கையும் ஒரு காலும் முறிந்தன. அடைத்த இடம் ஹோவா லோ சிறை. அமெரிக்கக் கைதிகள் கிண்டலாக 'ஹனோய் ஹில்டன்' என்பார்கள். 1968இல் அவர் அப்பா பசிபிக் பகுதி அமெரிக்கப் படைகளுக்கே தளபதியானார். பெரிய இடத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் 'உன்னை விட்டுவிடுகிறோம், கிளம்பு' என்றார்கள். எனக்கு முன்னால் பிடிபட்டவர்கள் உள்ளே இருக்க நான் போகமாட்டேன் என்று மறுத்தார். கொடுமையான அடி விழுந்தது அதற்குப் பிறகுதான். நான்கு நாள் கட்டிவைத்து மாற்றி மாற்றி அடித்தார்கள். கடைசியில் 'நான் குற்றவாளி' என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். 1973 மார்ச் 14இல் விடுதலை. அதற்குப் பிறகு சாகும்வரை கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தலையைக்கூட வேறு யாராவது சீவிவிட வேண்டும்.

அந்தக் கை 2008 பிப்ரவரி 13இல் எதற்கு உயர்ந்தது? (செனட்டில் பெயர் கூப்பிட்டு ஓட்டுக் கேட்பார்கள், தெரியும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.) சி.ஐ.ஏ.வும் ராணுவத்தின் விசாரணைக் கையேட்டுக்கு அடங்கித்தான் நடக்க வேண்டும் என்று மசோதாவில் ஒரு பிரிவு. 51-45இல் நிறைவேறியது. மெக்கைன் வேண்டாம் என்ற பக்கம். மார்ச் 8இல் ஜனாதிபதி புஷ் வீட்டோ செய்து அதைத் தடுத்தார். அதற்கும் மெக்கைன் ஆதரவு. அப்போது குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் இடம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

பிப்ரவரி 10, காலை 6.45

நேற்று எழுதியது பாதிதான். தூக்கம் வரவில்லை, எழுந்து தேடினேன்.

2005 அக்டோபர் 5இல் செனட் 90-9 என்று ஒரு திருத்தத்தை ஏற்றது. அமெரிக்கக் காவலில் உள்ள எவரையும், எந்த நாட்டில் வைத்திருந்தாலும், கொடூரமாக, மனிதத்தன்மை இல்லாமல், இழிவாக நடத்தக் கூடாது என்பது அது. கொண்டுவந்தவர் இதே மெக்கைன். வெள்ளை மாளிகை வீட்டோ மிரட்டல் விட்டும் அவர் இறங்கிவரவில்லை. புஷ் கையெழுத்துப் போட்டார், போட்ட கையோடு டிசம்பர் 30இல் ஒரு குறிப்பையும் சேர்த்தார்: தலைமைத் தளபதி என்ற என் அதிகாரத்துக்கு உட்பட்டுத்தான் இதை எடுத்துக்கொள்வேன் என்று. ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது.

அந்தச் சட்டத்திலேயே ஒரு சந்து இருந்தது. ராணுவக் கையேடு ராணுவத்தின் பிடியில் இருப்பவர்களை விசாரிக்கத்தான். சி.ஐ.ஏ.வின் இருட்டறைகளுக்கு, அதாவது ரகசியச் சிறைகளுக்கு, அது பொருந்தாது. வாசலுக்குத் தேக்குக் கதவு மாட்டிவிட்டு, கொல்லையில் வெறும் படலைச் சாத்திவைத்த கதை. 2008இல் வந்த மசோதா அந்தக் கொல்லைக்கும் கதவு போடப் பார்த்தது. தேக்குக் கதவு போட்ட அதே ஆள் வேண்டாம் என்றார். முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றுவது ஏற்கெனவே சட்டவிரோதம், மற்றபடி உளவுத் துறைக்கென்று வேறு முறைகள் இருக்கட்டும் என்பது அவர் வாதம்.

ஆகவே 'சித்திரவதையை ஆதரித்தார்' என்று எழுதினால் அது தப்பு. படலை விட்டுவைத்தார். எனக்கு இதுதான் இன்னும் உறுத்துகிறது. படல் வழியாக யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

பிப்ரவரி 10, காலை 6.58

சொல்ல மறந்தது. அடித்தால் உண்மை வராது என்பதற்கு அவரே சாட்சி. உன் படைப்பிரிவில் யார் யார் என்று கேட்டு அடித்தபோது, அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் ஆட்டக்காரர்கள் பெயரை வரிசையாக ஒப்பித்தாராம். எழுதிக்கொண்டு போனார்கள். நம் ஊர் பசங்களாக இருந்தால் சேப்பாக்கம் பதினொரு பேரைச் சொல்லியிருப்பான்.

பிப்ரவரி 11, மதியம்

"அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதற்கு" என்ற முத்தியால்பேட்டைத் தம்பிக்கு.

ஹோவா லோ சிறையைக் கட்டியது யார் தெரியுமா தம்பி? பிரெஞ்சுக்காரன். வியட்நாமியப் போராளிகளை அடைக்க 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டினான். இன்று அது அருங்காட்சியகம், உள்ளே கில்லட்டின் என்ற தலை வெட்டும் யந்திரம் நிற்கிறது. அந்தக் காலத்துச் சைகோனில் போலீஸ், வரி வசூல், குமாஸ்தா வேலைகளில் புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் எத்தனை பேர்! உன் தெருவிலேயே சைகோன் தேக்குப் பெட்டி வைத்திருக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். போய்க் கேள்.

அப்புறம் நம்ம சொல்தாக்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா போய், அங்கிருந்து அல்ஜீரியா போய், பென்ஷனோடு திரும்பியவர்கள். எங்க தாத்தாவும் அதில் ஒருவர். ஒரு தேதியைக் கவனித்திருக்கிறாயா? 1954 நவம்பர் 1. இங்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்த நாள். அதே நாளில்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை, ஆகஸ்ட் 16இல் நமக்குச் சட்டப்படி இணைப்பு. 1956லேயே கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் அந்தப் போர் முடியும்வரை கிடப்பில் போட்டு வைத்திருந்தது. நம் வரலாறும் அவர்கள் சித்திரவதை வரலாறும் பக்கத்துப் பக்கத்து அறை.

இன்று பிப்ரவரி 11 என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1957இல் இதே தேதியில் அல்ஜியர்ஸில் ஃபெர்னான் இவெத்தோன் என்ற தொழிலாளியைக் கில்லட்டினில் ஏற்றினார்கள். அவர் வைத்த குண்டு வெடிக்கவும் இல்லை, ஒருவரும் சாகவும் இல்லை. அப்போது பாரிஸில் நீதி அமைச்சர் பிரான்சுவா மித்தெரான். ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்து, தப்பி வந்து, தலைமறைவாகப் போராடியவர். 1981இல் ஜனாதிபதியானதும் மரண தண்டனையை ஒழித்தவரும் அவரே. இங்கே பிரெஞ்சு ஓட்டு இருந்தவர்கள் அவர் ஜெயித்ததற்குப் பட்டாசு வெடித்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. பட்டாசு வெடித்தவர்களில் எத்தனை பேருக்கு 1957 தெரியும்?

பிப்ரவரி 11, இரவு 9.10

மெக்கைனுக்கு நேர் ஜோடி வேண்டும் என்றால் மித்தெரான்கூட இல்லை, பிரெஞ்சு ராணுவ அதிகாரி மர்செல் பிழார். ('பிகியார்டு' என்று தட்டச்சு செய்தவருக்கு: லிசேயில், அதாவது பிரெஞ்சுப் பள்ளியில், படித்தவர்கள் அடிக்க வருவார்கள்.)

1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டார், மூன்றாவது முயற்சியில் தப்பினார். 1954 மே 7இல் வியட்நாமில் தியென் பியென் பூவில் வியட்மின் விடுதலைப் படையிடம் பிடிபட்டார். அங்கே பிடிபட்டவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். உயிரோடு திரும்பியவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். கைதிக்கு என்ன நடக்கும் என்று இந்த ஆளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மூன்றே வருஷத்தில் அதே ஆள் அல்ஜியர்ஸில் பாராசூட் படைத் தளபதி. கைதிகளின் காலைச் சிமெண்டில் பதித்துக் கடலில் தள்ளுவார்கள். அந்தப் பிணங்களுக்கு ஊரார் வைத்த பெயர் 'பிழார் இறால்'. பிறகு 1975இல் பாதுகாப்புத் துறை அமைச்சர், 1978இலிருந்து பத்து வருஷம் நாடாளுமன்ற உறுப்பினர்.

2000 ஜூனில் லூயிசெத் இகிலாரிஸ் என்ற அல்ஜீரியப் பெண்மணி தனக்கு நேர்ந்ததை பிரெஞ்சு நாளிதழில் சொன்னார். எதற்காக நாற்பது வருஷம் கழித்து? சித்திரவதை அறையிலிருந்து தன்னை வெளியே எடுத்துக் காப்பாற்றிய ராணுவ மருத்துவரைத் தேடி, ஒரு நன்றி சொல்ல. பிழார் எல்லாம் பொய் என்றார். ஆனால் மஸ்ஸு, அல்ஜியர்ஸில் எல்லோருக்கும் மேலே இருந்த ஜெனரல், மின்சாரத்தை என் உடம்பிலேயே வைத்துப் பார்த்தேன் என்று 1971இல் எழுதிய அதே மஸ்ஸு, 92 வயதில், அது இல்லாமலே சமாளித்திருக்கலாம் என்று வருந்தினார். கைதியாகக் கிடந்தவர் மறுத்தார். கிடக்காதவர் வருந்தினார். வில்லியனூர் ஐயா, உங்கள் கணக்கு இங்கே தலைகீழ்.

பிப்ரவரி 12, காலை

திருத்தம். பிழாரை அமைச்சர் என்று எழுதினேன். பாதுகாப்பு அமைச்சரின் கீழ் துணைப் பொறுப்பு, நம்மூர் இணையமைச்சர் மாதிரி. 1976 ஆகஸ்ட் வரைதான். சுட்டிக்காட்டிய ரிட்டயர்டு வாத்தியாருக்கு வணக்கம். அவரிடம் நான் படித்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார்.

பிப்ரவரி 12, இரவு

கடலூர் ஓ.டி. அக்கா கேட்டது நியாயமான கேள்வி: பட்டதை மறக்காமல், அதிகாரத்தில் இருந்தபோதே எதிர்த்தவர் ஒருவர்கூட இல்லையா?

இருந்தார். போல் தெத்ழென். அல்ஜியர்ஸ் காவல் நிர்வாகத்தின் தலைமைச் செயலர். ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் சித்திரவதைப்பட்டவர், தாகாவ் வதைமுகாமில் இருந்தவர். மேலே சொன்ன இவெத்தோன் பிடிபட்டபோது இன்னொரு குண்டு எங்கோ இருக்கிறது, அடிக்க அனுமதி கொடுங்கள் என்று இவரிடம் வந்து நின்றார்கள். மறுத்தார். மத்தியானம் முழுக்க உடம்பு நடுங்கிக்கொண்டிருந்ததாம். குண்டு வெடிக்கவில்லை. போலீஸ் அவருக்குத் தெரியாமல் இவெத்தோனை அடித்தது வேறு விஷயம்.

1957 மார்ச் 24இல் ராஜினாமாக் கடிதம் எழுதினார். பதினான்கு வருஷத்துக்கு முன் நான்சி நகரத்து கெஸ்டபோ நிலவறையில் என் உடம்பில் பட்ட அதே தழும்புகளை இங்கே கைதிகள் உடம்பில் பார்த்தேன் என்று அதில் வருகிறது. ராஜினாமாவை ஏற்கச் செப்டம்பர் வரை இழுத்தடித்தார்கள். அதற்குள் அவர் ஒரு வேலை செய்தார். கைதாகும் ஒவ்வொருவருக்கும் காவல் உத்தரவில் தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, கணக்கு வைத்தார். போட்டது சுமார் 24,000 கையெழுத்து. கடைசியில் ஆளைக் காட்டு என்றபோது 3,024 பேர் கணக்கில் வரவில்லை.

இந்த எண் எப்படி நமக்குக் கிடைத்தது பாருங்கள். வீரத்தால் இல்லை, குமாஸ்தாத்தனத்தால்.

பிப்ரவரி 12, இரவு, கொஞ்ச நேரம் கழித்து

"இந்தியாவைப் பற்றிப் பேச தைரியம் உண்டா?" இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. இன்றுவரை உறுதி செய்யவில்லை. 2010இல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைக்குப் போய், காலாவதியானது. நெருக்கடி நிலையில் சிறையில் கிடந்து அடி வாங்கியவர்கள் பலர் பிறகு அமைச்சர்களானார்கள், எல்லாக் கட்சியிலும். போதுமா? கட்சிச் சண்டையை ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

பிப்ரவரி 13, இரவு 11.30

தாத்தா கதை கேட்டீர்கள். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

1949இல் சேர்ந்தார். 1952இல் வட வியட்நாமில் டோங்கிங் பக்கம் பிடிபட்டு வியட்மின் முகாமில் இரண்டு வருஷம். வீடு வந்தபோது ஆயாவுக்கு அடையாளம் தெரியவில்லையாம். பிச்சைக்காரர் என்று நினைத்து உள்ளே போய் அரிசி எடுத்து வந்திருக்கிறது. அந்த முகாம் கதைகளைத் தாத்தா சொல்வார், சிரித்துக்கொண்டே சொல்வார். எலி சுட்டது, மூங்கில் குருத்து வேகவைத்தது, கணக்குப் போடச் சொன்ன அரசியல் வாத்தியார். பிறகு 1956இலிருந்து நாலு வருஷம் அல்ஜீரியா. அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தொலைபேசிப் பிரிவில் இருந்தேன், கம்பி இழுத்தேன். அவ்வளவுதான்.

1987. எனக்குப் பதினொரு வயசு. சண்டே மார்க்கெட்டில் பழைய இரும்புக்காரனிடம் கைப்பிடி சுற்றும் தொலைபேசி ஒன்று, பதினைந்து ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே டைனமோ இருக்கும். இரண்டு கம்பியையும் ஒருவன் பிடித்துக்கொள்ள இன்னொருவன் சுற்றுவான். எத்தனை சுற்று தாங்குகிறான் என்பது பந்தயம். எங்கள் தெருப் பசங்க அத்தனை பேரும் திண்ணையில் வரிசை கட்டி நின்றோம். நான்தான் சுற்றினேன், சாமான் என்னுடையது என்பதால்.

தாத்தா சந்தையிலிருந்து மீன் பையோடு வந்தார். பார்த்தார். பை கீழே விழுந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த பையன் கையை விரல் விரலாகப் பிரித்துவிட்டார். தொலைபேசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார். ராத்திரி வந்து என் கையில் இருபது ரூபாய் வைத்தார். அஞ்சு ரூபா அதிகமா இருக்கு தாத்தா என்றேன். வெச்சுக்கோ என்றார். மீனைப் பூனை தின்றுவிட்டது, அன்றைக்கு வெறும் ரசம்.

அல்ஜீரியாவில் எதை வைத்து மின்சாரம் கொடுத்தார்கள் என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். ராணுவத் தொலைபேசியின் டைனமோ. 'ழேழேன்' என்று செல்லப் பெயர்.

அதே வீட்டுக் கூடத்தில் பிழார் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிவப்புத் தொப்பியோடு. 2006இல் தாத்தா இறக்கும்வரை அது இறங்கவில்லை. 2001இல், அந்தச் செய்தியெல்லாம் வந்த பிறகு, இந்த ஆள் படம் எதுக்கு தாத்தா என்று கேட்டேன். "முகாம்ல அவரும் அதே எலியத்தான் தின்னாரு" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

பிப்ரவரி 14, காலை

யாரோ கேட்டிருக்கிறார்கள், தாத்தா நல்லவரா கெட்டவரா என்று. அதற்கு நான் ஆளில்லை.

பிப்ரவரி 15, மாலை

இரண்டு திருத்தம்.

முதலாவது மெக்கைன் பற்றி. 2008ஓடு கதையை நிறுத்திவிட்டேன், அது நியாயமில்லை. 2014 டிசம்பர் 9இல் செனட் குழுவின் சித்திரவதை அறிக்கை வெளியானபோது தன் கட்சியில் பலர் எதிர்க்க, அவர் எழுந்து அதை ஆதரித்துப் பேசினார். 2015 ஜூனில் செனட்டர் ஃபைன்ஸ்டைனோடு சேர்ந்து அவரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சி.ஐ.ஏ. உட்பட எல்லோருக்கும் ராணுவக் கையேடுதான். 78-21இல் நிறைவேறியது. ஏழு வருஷத்துக்கு முன் வேண்டாம் என்ற அதே கதவு! 2018 மேயில், மூளைப் புற்றுநோயோடு படுத்திருந்தபடியே, அந்த இருட்டறை விசாரணைகளில் பங்கு இருந்த ஜினா ஹாஸ்பலை சி.ஐ.ஏ. தலைவராக்கக் கூடாது என்று அறிக்கை விட்டார். கேட்பாரில்லை, 54-45இல் ஆக்கினார்கள். ஆகஸ்டில் இறந்தார்.

முதல் நாள் 'இரட்டை வேடம்தான்' என்று எழுதிய ஆள் நான். அதை அழிக்கவில்லை, கிடக்கட்டும். வேட்பாளராகும் நேரத்தில் படலைத் திறந்து வைத்தார், ஜனாதிபதித் தேர்தல் தோற்றுத் தீர்ந்த பிறகு கதவு போட்டார். நடுவில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இரண்டாவது திருத்தம் தாத்தா பற்றி. அத்தை இதைப் படித்துவிட்டு போன் பண்ணியது. ("ஊரெல்லாம் படிக்கிற இடத்துல எங்கப்பாவ ஏண்டா இழுக்குற?") தொலைபேசியை அவர் கடலில் போடவில்லையாம். போட்டிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பின்கட்டில் இருந்த சைகோன் பெட்டிக்குள், பழைய சீருடைக்கு அடியில் வைத்திருந்தாராம். அத்தை அது என்னவென்று கேட்டதற்குச் சொன்னதை, அத்தை சொன்னபடியே எழுதுகிறேன்:

"ராத்திரியில வந்து கேப்பாங்களாம். இவரு ரெஜிஸ்டர்ல எழுதி, கையெழுத்து வாங்கிட்டுக் குடுப்பாராம். காலையில திருப்பிக் குடுக்கறப்ப மறுபடி கையெழுத்து. ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்லன்னு சொன்னாரு. அதச் சொல்லிட்டுத்தான் அழுதாரு."

பிப்ரவரி 15, இரவு

தெத்ழென்னின் 24,000 கையெழுத்தைப் பற்றி மூன்று நாள் முன்னால் எவ்வளவு பெருமையாக எழுதினேன்.

பிப்ரவரி 17

நேற்று லாஸ்பேட்டை போனேன். பெட்டி அத்தை வீட்டுப் பரணில் இருக்கிறது, ஏணி இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டுவைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறது. ரெஜிஸ்டர் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது பட்டாளத்துச் சொத்து, அவரிடம் இருந்திருக்காது. பிழார் படம் என்ன ஆனது என்றும் கேட்டேன். சட்டம் நன்றாக இருந்ததாம். படத்தை எடுத்துவிட்டு ஆயா படத்தைப் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நான் அதற்கு அடியில் உட்கார்ந்துதான் காபி குடித்திருக்கிறேன், கவனிக்கவே இல்லை.